அரைத் தூக்கத்துக்கு ‘மூளைத் தேய்மானம்’ என்று பெயர் வைக்காதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட், தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. சோதனையினுடையது. வயது எழுபதை ஒட்டி. ‘மைல்ட் ஸ்லோயிங்’, அதாவது மூளை அலை லேசாக மெதுவாகியிருக்கிறது, என்று ஒரே ஒரு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பாவுக்கு மூளை தேய்ஞ்சுபோச்சாம்” என்று வீடே கலங்கி நிற்கிறது. பதிவைத் திறந்து பார்த்தால் முதல் நாலு நிமிடம் போக மீதி நேரமெல்லாம் பெரியவர் கண் அயர்ந்திருக்கிறார். நெல்லிக்குப்பத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்தவரை, ஏ.சி. அறையில் படுக்கவைத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொன்னால் வேறென்ன செய்வார்?

முதலில் ஒன்று. தேய்மானம், சுருக்கம் எல்லாம் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி. இ.இ.ஜி.யில் மூளையின் உருவம் தெரியாது. மின்துடிப்பின் வேகமும் ஒழுங்கும்தான் தெரியும். கண்ணை மூடி, ஆனால் முழு விழிப்போடு இருக்கும்போது பின்மண்டையில் ஓடும் ஆல்ஃபா அலைதான் இதில் அளவுகோல். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் மனித இ.இ.ஜி. பற்றி முதல் கட்டுரை வெளியிட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். இளவயதில் ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்து அலை, இருக்கும். வயது ஏற ஏற மெல்ல இறங்கி 9-ஐ ஒட்டி வரும். ஆரோக்கியமான எண்பது வயதிலும், விழிப்பில் இது 8-க்குக் கீழே போகக் கூடாது. போனால் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று தள்ளிவிட முடியாது, காரணம் தேட வேண்டும்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம், குழப்பமெல்லாம் இங்கேதான். கண் சொக்க ஆரம்பித்ததும் ஆல்ஃபா துண்டு துண்டாக உடைந்து, 4 முதல் 7 ஹெர்ட்ஸ் தீட்டா அலை தலைகாட்டும். இது இருபது வயதுக்காரருக்கும் வரும். முதியவர்கள் இந்த அரைத் தூக்கத்துக்குள் சட்டென்று நழுவுவார்கள், எழுப்பினால் வருவார்கள், அரை நிமிடத்தில் மறுபடி போய்விடுவார்கள். அந்தத் தீட்டாவைக் கணக்கில் சேர்த்து ‘மூளை மெதுவாகிவிட்டது’ என்று எழுதுவது, தூங்குகிறவரை எழுப்பாமலேயே நடக்கத் தெரியாதவர் என்று சொல்வது போல. அறுபது தாண்டியவர்களுக்கு இடது நெற்றிப் பொட்டுப் பக்கம் அவ்வப்போது வந்து போகும் சிறு தீட்டாவும் சகஜம், அதற்கு மருந்து தேவையில்லை. அதே இடத்தில் வளைவு வளைவாக வரும் ‘விக்கெட்’ அலையை வலிப்பு என்று படித்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. பெயர் கிரிக்கெட் மாதிரி இருக்கிறது, அவுட் ஆவது நோயாளி.

டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கு: நெற்றியின் இரு ஓரத்திலும் உள்ள எஃப்7, எஃப்8 சேனல்களில் கண் மெதுவாக ஊசலாடுவது தெரிகிறதா, இமைத்தல் நின்றுவிட்டதா? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேளுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் பதில் வந்ததையும் பதிவிலேயே குறித்துவிடுங்கள், படிக்கிற டாக்டருக்கு அந்தக் குறிப்புதான் கண். ஆல்ஃபாவை எண்ணும்போது கண் மூடிய முதல் நொடியை விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் அது கொஞ்சம் வேகமாக ஓடிக் காட்டும். ஒவ்வொரு எலக்ட்ரோடின் மின்தடையும் 5 கிலோஓமுக்குள் இருக்கட்டும். ஒன்று 3, இன்னொன்று 20 என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் புகுந்துவிடும். அதை நாட்ச் ஃபில்ட்டர் (அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டு மறைக்காமல், பேஸ்ட்டை எடுத்துத் தோலைத் துடைத்து மறுபடி ஒட்டுங்கள். மே மாதம் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் வியர்வையால் கோடு அலை அலையாக ஏறி இறங்கும். அதுவும் ‘ஸ்லோயிங்’ ஆகிவிடக் கூடாது.

‘மூளைக்கு எத்தனை வயசு’ என்று எண் சொல்லும் ஆராய்ச்சிகள் உண்மையானவைதான். கேம்பிரிட்ஜில் 18 முதல் 88 வயது வரை சுமார் 700 பேரிடம் எம்.இ.ஜி. (மூளையின் காந்தத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக்கில் 16 நிமிட இ.இ.ஜி. பதிவை ஒரு நிமிடம் கண் மூடி, ஒரு நிமிடம் கண் திறந்து என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் திரையில் கோடுகளைக் காட்டி, அப்போது எழும் காமா என்ற வேக அலை வயதோடு வலுக் குறைவதைக் கண்டார்கள். இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்குள்ளேயே ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்போது, ஒருவரின் ஒரே பதிவை வைத்து ‘உங்கள் மூளைக்கு 74’ என்று பாக்கேஜ் விற்பதை நம்பாதீர்கள்.

பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு: சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, திங்கட்கிழமை ‘எண்ணெய் வைக்கலைங்க’ என்று சொல்லாதீர்கள், தலை சொல்லிவிடும். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வாருங்கள். சீயக்காய் போதாது, கண்டிஷனர் கூடாது. பூ, ஊக்கு, ஹேர்பின் வேண்டாம். வெறும் வயிற்றில் வராதீர்கள். சர்க்கரை இறங்கினாலும் அலை மெதுவாகும். சர்க்கரைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். தூங்காமல் வரச் சொல்லியிருந்தால் ஒழிய, இரவு நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தூக்க மாத்திரை சாப்பிட்டால் பெயரோடு சொல்லுங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் வகையெல்லாம் வேக அலையைக் கூட்டிவிடும். மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்திருந்தால், சோதனையின் நடுவே மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லும் முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கரண்ட் ஷாக் எல்லாம் கிடையாது. உங்கள் தலையிலிருந்து வருவதைத்தான் கருவி வாங்குகிறது.

ஞாபக மறதிக்கு முதல் சோதனை இ.இ.ஜி. அல்ல. இ.இ.ஜி. நார்மல் என்றால் மறதி நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பார்க்கும் நினைவாற்றல் சோதனை, தைராய்டு, பி12, ரத்தத்தில் சோடியம், காது கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, இவையெல்லாம் முதலில். சிறுநீர் போகவைக்கும் பி.பி. மாத்திரையால் சோடியம் இறங்கி, நேற்றுவரை கணக்கு பார்த்தவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவதுண்டு. அப்படித் திடீரென்று, ஏறி இறங்கி வரும் குழப்பத்துக்குத்தான் இ.இ.ஜி. அவசரமாக வேண்டும். வெளியே தெரியாமல் உள்ளே ஓடும் வலிப்பை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

எடுத்ததை வீணாக்காதீர்கள். காகிதத்தை மட்டும் மாத்திரை டப்பாவில் மடித்து வைக்காமல், மூலப் பதிவைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். அறுபது வயதில் 10.5 ஹெர்ட்ஸ் இருந்தவருக்கு இன்று விழிப்பில் 8.5 என்றால், ‘8-க்கு மேலதானே’ என்று விட முடியாது. பழைய ஃபைல் இருந்தால்தான் அது தெரியும்.