தண்டோரா: சொல் விளக்கம்

தண்டோரா என்பது, அரசு அல்லது ஊர் நிர்வாகத்தின் ஆணையைத் தெருத்தெருவாகப் பறையறைந்து கூவி அறிவிக்கும் முறையைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'போடுதல்' என்னும் வினையோடு சேர்ந்து வரும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் 'தமுக்கடித்தல்' என்றாலும் இதுவே பொருள். தெலுங்கில் தண்டோரா என்றும் இந்தியில் டிண்டோரா என்றும் வழங்கும் இச்சொல் தமிழுக்கு அயல்வரவு, வழக்கமோ பழையது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பிலும் ஆளுநரின் கட்டளைகள் இவ்வாறு அறிவிக்கப்பட்ட செய்திகள் உள்ளன.

இதற்குரிய தமிழ்ச் சொற்கள் பறை என்னும் வேரைச் சுற்றியே நிற்கின்றன. பறைதல் என்றால் சொல்லுதல்; மலையாளத்தில் 'பறயுக' இன்றும் அன்றாட வினை. தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் நிலத்தின் கருப்பொருளாக எண்ணும் தொல்காப்பியத்தில், ஒலி ஒரு நிலத்துக்கு அடையாளமாகிறதே தவிர இழிவாகவில்லை. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கைத் தவிர வேறு குடியில்லை என்கிறது புறநானூற்றின் 335ஆம் பாட்டு. இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவனை மணிமேகலை 'முதுகுடிப் பிறந்தோன்' என்றே சுட்டுகிறது.

பிற்காலத்தில் ஒலி எழுப்புவது சிலருக்குக் கடமையாகவும் வேறு சிலருக்கு உரிமையாகவும் பிரிந்தது. கொங்கு நாட்டுக் கம்மாளர் என்னும் கைவினைஞர், தங்கள் வீட்டு நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை கொட்டவும் அரசாணை பெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆணை வாங்கித்தான் ஊத வேண்டும் என்றால் அதுவரை அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது மௌனம் என்பது தெளிவு. கேட்பதற்கும் தடை இருந்தது: வேதத்தைச் செவிமடுக்கும் சூத்திரனின் காதில் உலோகத்தை உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். கோயில்களின் பேரிகைக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வந்த நந்தனார், இன்றைய கடலூர் மாவட்டத்துத் தில்லையின் எல்லைவரை வந்தும் ஊருக்குள் நுழையத் தயங்கி நின்றதைப் பெரியபுராணம் பாடுகிறது. அவர் தந்த தோல் உள்ளே முழங்க, அவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது.

தண்டோரா இந்த முரணின் நிர்வாக வடிவம். பறையடித்தவர் ஒடுக்கப்பட்ட சாதியினர்; மற்ற நாள்களில் ஊர்த்தெருவில் தயங்கி நடக்க வேண்டியிருந்த அவர், அன்று மட்டும் அதே தெருவில் உரக்கக் கூவலாம். ஆனால் கூவும் சொல் எதுவும் அவருடையது அன்று. சட்டமும் இம்முறையை ஏற்றுக்கொண்டது: அசையாச் சொத்தின் ஜப்தி ஆணையைப் பறையடித்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள விதி. இழிவாக எண்ணப்பட்ட இச்சொல்லையே ஆந்திரத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மாதிகர்கள் 1994இல் தொடங்கிய தங்கள் இயக்கத்துக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலோ, தண்டோராவைக் கைவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நிகர்ச்சொல்லாகச் சிலர் முரசறைதலைப் பரிந்துரைப்பர். அது வேந்தர் அவைக்குப் பொருந்தும். ஜப்திக்கும் வரிபாக்கிக்கும் தெருவில் அடிக்கப்பட்டது முரசு அன்று. 'அறிவிப்பு' என்பதில் கருவியும் இல்லை, அடித்தவரும் இல்லை. ஆகவே 'பறைசாற்றல்' என்பதே சரியான ஈடு. 'பெருமையைப் பறைசாற்றும் விழா' என்று மேடைகளிலும் நாளிதழ்களிலும் தயக்கமின்றிப் புழங்கும் இச்சொல்லை, தெருவில் பறையடித்தவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் தவிர்த்து அயற்சொல்லை நாடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. இன்று ஆட்டோவில் கட்டிவரும் குழாய்க்கு ஒலிபெருக்கி அறிவிப்பு என்றே எழுதலாம்.