கோபர் கேஸ் டோம் மேல் கிடக்கும் மண்ணை வாராதீர்கள்

அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. 35 உருப்படி. கொட்டகைக்குப் பின்னால் 15 கன மீட்டர் கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டி, நிலத்துக்குள் கட்டிய, கவிழ்த்த கிண்ணம் போல் கூரை உள்ள டோம் வகை. மண் மூடும் முன்பே டோம் மேல் நீட்சியை அளக்கும் இரண்டு ஸ்ட்ரெயின் கேஜும், பக்கத்தில் ஒரு வெப்ப சென்சாரும் ஒட்டிவிட்டு வந்தேன். பல மாதம் எந்த வம்பும் இல்லை. திடீரென்று ஒரு வாரம் வெப்ப சென்சார் ஆட ஆரம்பித்தது. அதுவரை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் அசையாதது, மதியம் 12 டிகிரி ஏறி ராத்திரி இறங்கியது. கூடவே கேஜின் விடியற்காலை அளவும் மேலே போயிருந்தது.

சென்சார் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் டோம் மொட்டையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. “மேல சும்மாதானே கிடந்திச்சின்னு கத்திரிப் பாத்திக்கு வாரிப் போட்டுக்கினேன் சார்” என்றார் பண்ணைக்காரர்.

அந்த மண் சும்மா கிடக்கவில்லை. டோம் தொட்டியில் வாயு சேரச் சேர, சாணக் கரைசலை வெளித்தொட்டிக்குத் தள்ளும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். அது 1 மீட்டர் நீர்மட்டம் வரை போகலாம். 1 மீட்டர் நீர்மட்டம் என்றால், டோமின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் கனம் உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. செங்கல்லும் சிமென்ட்டும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் மேலே மண் போட்டு அமுக்கி வைக்கிறோம். இரண்டடி மண் ஏறக்குறைய அதே ஒரு டன். அதை வாரினால் டோம் தனியாக நின்று இழுப்பை வாங்கும்.

ஸ்ட்ரெயின் கேஜ் என்பது மெல்லிய படலத்தில் நெளிநெளியாக ஓடும் உலோகக் கோடு. டோம் நீண்டால் அதுவும் நீளும், மின்தடை கூடும். பாடப்புத்தகத்தில் இந்த நீட்சி விகிதத்தைத் திரிபு என்றும், ஓரலகு பரப்பில் எழும் உள்விசையைத் தகைவு என்றும் படித்திருப்போம். கான்கிரீட் இழுப்பில் பத்து லட்சத்துக்கு 100 முதல் 150 பங்கு நீண்டாலே விரிசல் விடும். 350 ஓம் கேஜில் 100 பங்கு நீட்சிக்கு மாறுவது 0.07 ஓம்தான்.

நம் வேலூர் வெயில் விளையாடுவது இங்கேதான். கேஜிலிருந்து பெட்டிக்கு வரும் செம்பு வயரில் 2 ஓம் தடை இருந்தால், 10 டிகிரி சூடேறியதும் அதுவே 0.08 ஓம் மாறிவிடும். நாம் தேடும் அளவைவிட அதிகம்! வயர் சூட்டால் வரும் மாற்றத்தைக் கழித்துவிடும் மூன்று வயர் இணைப்பு கொடுக்காமல் இரண்டு வயரை இழுத்துவிட்டுப் போகும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டிகளில் மே மாதம் முழுக்க அபாய மணிதான். மூன்றாவது தடவை அடித்ததும் யாரோ மணியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். மணியே இல்லாததைவிட இது மோசம்.

சரி, எந்த அளவைப் பார்ப்பது? பால் கறக்க எழுந்ததும், அடுப்பு பற்றவைக்கும் முன். ராத்திரி முழுக்கச் சேர்ந்த வாயுவால் அப்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும், வெயிலின் குழப்பமும் இருக்காது. கேஜ் அளவோடு அழுத்தத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ‘யு’ மாதிரி வளைத்த கண்ணாடிக் குழாயில் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். அழுத்தம் அதேபோல் இருந்து நீட்சி மட்டும் நாளுக்கு நாள் கூடினால் டோமில் கோளாறு. இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் வெளித்தொட்டியின் வழிவாயைப் பாருங்கள். கரைசல் காய்ந்து அடைத்திருக்கும், குச்சி விட்டுக் குத்தினாலே சரியாகிவிடும்.

இரும்பு டிரம் மிதக்கும் பழைய வகையில் அழுத்தம் 10 சென்டிமீட்டர் நீர்மட்டம் சுற்றித்தான் இருக்கும். அங்கே எதிரி துரு. வருடா வருடம் பெயின்ட் அடியுங்கள், தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரில் பாருங்கள். கலக்கி மோட்டார் வைத்த பெரிய ஆலைகளில் மோட்டார் இழுக்கும் ஆம்பியரைத் தினமும் எழுதுங்கள். கரைசல் மேல் படியும் ஏடு கெட்டியாகும்போது அது ஏறும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே சொல்கிறேன். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். சென்சார் பெட்டியையும் பேட்டரியையும் தொட்டிக்குத் தள்ளியே வையுங்கள். கசிவு தேட சோப்புத் தண்ணீர், தீக்குச்சி கூடவே கூடாது. சென்சார் சரிபார்க்கிறேன் என்று தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு அதிகமானால் மூக்கே மரத்துவிடும், அழுகிய முட்டை நாற்றம்கூடத் தெரியாது.

அணைக்கட்டு பண்ணையில் அன்றைக்கே வாயுவைத் திறந்து அடுப்பில் எரித்து அழுத்தத்தைக் குறைத்தோம். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்ததில் குமிழ் வரவில்லை, விரிசலும் இல்லை. அப்புறம் இரண்டு டிராக்டர் மண் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மூடினோம். நாலாம் நாள் விடியற்காலை அளவு பழைய இடத்துக்கு வந்தது. பண்ணைக்காரர் இப்போது பால் கணக்கு நோட்டில், லிட்டருக்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.