போஜொலே ஒயினும் லியோன் சாப்பாடும்: சூடு ஏறினால் சுவை கெடும்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் பரிமாற வேண்டும் என்று பலர் பிடிவாதமாக நம்புகிறார்கள். அந்த வழக்கம் குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது. இன்று 22 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் அறையில் அது எந்தச் சிவப்பு ஒயினுக்கும் நல்லதல்ல. எல்லாவற்றையும்விட அதிகமாக அடிவாங்குவது போஜொலே என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்.

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே உள்ள குன்றுகளில் விளையும் கமே திராட்சையில் இதைச் செய்கிறார்கள். 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப், தன் நிலத்தில் கமே கொடிகளே இருக்கக் கூடாது என்று ஆணை போட்டார். ஆனால் அதற்குத் தெற்கே, போஜொலேயின் கருங்கல் மண்ணில் கமே நன்றாக வேர்பிடித்தது.

செய்முறையைப் புரிந்துகொண்டால் எந்த உணவு சேரும் என்பது தானாகவே விளங்கிவிடும். கையால் பறித்த குலைகளை நசுக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் கிடக்கும் பழங்கள் மேலுள்ள பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிறைக்க, மேலே இருக்கும் பழங்களின் தோல் கிழியாமலே உள்ளுக்குள் மாற்றம் நடக்கும். நிறமும் பழ மணமும் இறங்கும். தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு அதிகம் இறங்காது.

துவர்ப்பு மிகுந்த ஒயின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை உலர்த்திவிடும். கொழுப்புள்ள மாட்டிறைச்சி அதற்கு ஈடுகொடுக்கும். வறுத்த கோழி கொடுக்காது. போஜொலேயில் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கலாக இருக்கும். அந்தப் புளிப்பு வாயில் படிந்த கொழுப்பைக் கழுவி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். அதனால்தான் லியோனின் சிறு உணவகங்களில், அடி கனத்த 46 சென்டிலிட்டர் புட்டியில், உருளைக்கிழங்கோடு வரும் சூடான பன்றித் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் இது வந்து நிற்கிறது. பிரெஸ் பகுதிக் கோழி, மென்மையான சேன்-மார்சலன் பாலாடைக்கட்டி இரண்டுக்கும் நன்றாகப் பொருந்தும்.

புட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளிவரும் புது ஒயினை மட்டும் குடித்துவிட்டு, போஜொலே என்றாலே இவ்வளவுதான் என்று ஒதுக்குவது பெரிய இழப்பு. தனிப்பெயர் பெற்ற பத்துப் பகுதிகள் உண்டு. ஃப்ளூரி, சிரூபிள் இரண்டும் மெல்லியவை. கோழிக்கும் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளுக்கும் ஏற்றவை. மோர்கோன், மூலான்-ஆ-வான் கனமானவை, சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒயினில் வேகவைத்த கோழி, வாத்து, காளான் குழம்பு ஆகியவற்றுக்கு இவற்றைத்தான் எடுப்பேன்.

பரிமாறும் வெப்பம் சாதாரண போஜொலேக்கு 12 டிகிரி, கனமான பகுதிகளுக்கு 14 அல்லது 15. அறையிலிருந்த புட்டியைக் குளிர்பெட்டியில் ஒன்றரை மணி நேரமாவது வைக்க வேண்டும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியென்றால் 10 முதல் 15 நிமிடம். சூடேறினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழ மணம் அமுங்கிவிடும். 6 டிகிரிக்குக் கீழே போனால் மணமே எழாது, வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களைத் தவிருங்கள். ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியைக் கிளப்பும். இனிப்புப் பண்டத்தோடு குடித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். காரம் மிகுந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். கடுகு விழுதின் உறைப்பளவு தாங்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்ச்சியாக, துவர்ப்பு அதிகமில்லாமல் இருப்பதால் இது தண்ணீர்போல இறங்கும். ஆனால் 12.5 சதவீத ஒயின் 150 மி.லி. குடித்தால் சுமார் 15 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. வண்டி ஓட்டப் போகிறவர்களும் அப்படியே. ஒரே இருப்பில் புட்டியைக் காலி செய்யவும் தேவையில்லை: தக்கையால் இறுக மூடிக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது.