கேஸ் வொர்க்கர்: வழக்கா, நேர்வா?

பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களுக்கு ஆள் எடுக்கும்போது மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்புகளில் 'வழக்குப் பணியாளர்' என்றொரு பதவி இருக்கும். வக்கீல் ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று சிலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் அது சமூகப்பணி படித்தவர்களுக்கான வேலை. ஆங்கிலத்தில் 'கேஸ் வொர்க்கர்' என்றிருந்ததை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்த பெயர் இது.

நெருக்கடியில் இருக்கும் ஒரு குடும்பத்தையோ குழந்தையையோ தன் பொறுப்பில் ஏற்று, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டறிந்து, என்ன உதவி தேவை என்று எழுதி, அது கிடைத்த பிறகும் நிலைமை தேறுகிறதா என்று கவனித்து வருபவரே கேஸ் வொர்க்கர். இந்தத் 'தொடர்ந்து கவனிப்பது'தான் அவரை மற்ற உதவியாளர்களிடமிருந்து பிரித்துக்காட்டுகிறது.

தொழிலின் வேர் லண்டனில் இருக்கிறது. 1869இல் அங்கே தொடங்கிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம், ஏழைகளுக்குக் கண்டபடி பணம் கொடுப்பது தவறு, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக விசாரித்தே கொடுக்க வேண்டும் என்றது. 1877இல் இம்முறை அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போனது. வீடு தேடி வந்த தொண்டர்களை அங்கே 'நட்பாக வந்து பார்ப்பவர்' என்ற பொருளில் அழைத்தார்கள். பெயரில்தான் நட்பு. உதவி பெறத் 'தகுதியான' ஏழையா என்று சலித்தெடுப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. இதை முறையான தொழிலாக்கியவர் மேரி ரிச்மண்ட். 1917இல் அவர் எழுதிய நூலின் பெயரே 'சமூக நோயறிதல்' என்று பொருள்படும். மருத்துவரின் சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் நோயை மனிதருக்குள் மட்டும் தேடாமல், அவருக்கும் அவருடைய சூழலுக்கும் இடையிலான உறவிலும் தேடினார்.

'கேஸ்' லத்தீன் 'காசுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். விழுதல் என்ற வினையடியில் பிறந்து, 'வந்து விழுந்தது, நேர்ந்தது' என்று பொருள் விரிந்தது. நீதிமன்ற வழக்கு, மருத்துவரிடம் வரும் நோயாளி, இலக்கண வேற்றுமை எல்லாமே ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்தான். தமிழில் மூன்றுக்கும் மூன்று சொற்கள் இருக்க, கேஸ் வொர்க்கருக்கு மட்டும் நீதிமன்றத்துச் சொல்லை எடுத்து ஒட்டியது ஏன் என்று தெரியவில்லை.

'வழக்கு' பழைய சொல், நல்ல சொல்லும்கூட. வழங்கு என்பதிலிருந்து வந்தது. தொல்காப்பியப் பாயிரத்தில் 'வழக்கும் செய்யுளும்' என்னும்போது அது மக்கள் பேச்சு. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் அது முறையீடு. இன்றைக்கோ இரண்டாவது பொருள் முதலாவதை விழுங்கிவிட்டது. 'கேஸ் போட்டுட்டாங்க' என்றால் போலீஸ்தான். பிள்ளையை மூன்று மாதமாகப் பள்ளிக்கு அனுப்பாத தாயின் வாசலில் நின்று 'நான் வழக்குப் பணியாளர்' என்று ஒருவர் சொன்னால், அந்தத் தாய் உண்மையைச் சொல்வாரா, பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவாரா?

மாற்றுச் சொற்களிலும் சிக்கல் உண்டு. 'சமூகப் பணியாளர்' சரியான சொல், ஆனால் பரந்தது. தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரில் கைகூப்பி நிற்கும் 'சமூக சேவகர்' வேறு அதற்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். 'குடும்பநலப் பணியாளர்' கேட்க இனிமையாக இருந்தாலும், தமிழ்நாட்டில் குடும்பநல அறுவை சிகிச்சை என்றால் கருத்தடை. வீட்டுக்காரர்கள் தவறாகத்தான் புரிந்துகொள்வார்கள். பாடநூல்களில் காணும் 'தனிநபர் சமூகப்பணி' கையாளும் முறையைக் குறிக்கிறது, ஆளைக் குறிக்க நீளம் அதிகம்.

என் தேர்வு 'நேர்வுப் பணியாளர்'. இது புதிதாகக் கட்டிய சொல்லில்லை. அரசுக் கடிதங்களில் 'இந்நேர்வில்' என்று நாள்தோறும் எழுதுகிறார்கள். நேர்ந்தது என்பதே லத்தீன் மூலத்தின் பொருளும். நேர்வுக் கோப்பு, நேர்வு வரலாறு, நேர்வு மேலாண்மை என்று குடும்பமாகவும் வளரும். குற்றம் சுமத்தும் வாடை அதில் இல்லை.

சட்டத்தின் போக்கும் இதுதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் கொண்டுவர வேண்டும். பயண நேரம் இதில் சேராது. குடும்பப் பின்னணி குறித்த சமூக விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அப்படியானால் வீட்டுக்குப் போகிறவர் குற்றவாளியைத் தேடவில்லை. குழந்தை அந்த வீட்டிலேயே இருக்க என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்.

நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இந்த வேலை சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) என்று பிரிந்து கிடக்கிறது. இவற்றில் கடைசிப் பெயரை வைத்தவரைப் பாராட்ட வேண்டும். பரிசில் பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படையிலிருந்து எடுத்த சொல் அது. இலங்கையில் அதே பணியை 'உளவளத்துணை' என்கிறார்கள்.

கோப்பில் நேர்வுப் பணியாளர் என்று எழுதலாம். வாசலில் அந்தப் பெயரும் வேண்டாம். 'குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து வர்றேன்க்கா, தம்பி எப்படி இருக்கான்?' போதும்.