தங்க நிற கேசட்டுக்குள் ஒரு பட்டன் செல்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய ‘லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ வீடியோ கேம் கேசட் ஒன்று வாங்கினேன். மாட்டிப் பார்த்தால், யாரோ ஒரு பையன் பெயரில் ஆட்டம் சேவ் ஆகியிருக்கிறது. இத்தனை வருஷம் கரண்டே இல்லாமல் அது எப்படி அழியாமல் இருந்தது?”

கரண்ட் இருந்தது. ஒரு நொடிகூட விடாமல் இருந்தது.

1986 பிப்ரவரியில் ஜப்பானில் ஜெல்டா வந்தபோது அது கேசட்டே இல்லை. நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற கேம் கன்சோலோடு இணைக்கிற டிஸ்க் கருவிக்காக வந்தது. காந்த டிஸ்க்கில் எழுதி வைப்பது சுலபம். ஆனால் அந்தக் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கே வரவில்லை. 1987இல் அங்கே கேசட்டாக வெளியிட்டபோது, ஆட்டத்தை எங்கே சேமிப்பது என்ற சிக்கல் வந்தது. இதேபோல டிஸ்க்கிலிருந்து கேசட்டுக்கு மாறிய ‘மெட்ராய்டு’ என்ற ஆட்டம், 24 எழுத்துக் கடவுச்சொல்லைக் காட்டி, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னது. ஜெல்டாவுக்கு பேட்டரி வைத்தார்கள்.

கேசட்டின் தங்க நிற மேலுறையைத் திறந்தால், 128 கிலோபைட் ரோம் சிப் ஒன்று இருக்கும். ஆட்டம் அதில்தான் இருக்கிறது, அது மாறாது. அருகில் 8 கிலோபைட் எஸ்ரேம் சிப், அதாவது மின்சாரம் இருக்கும்வரை எழுதியதை நினைவில் வைத்திருக்கும் சிப். மூன்று ஆட்டக்காரர்களின் பெயர், இதயங்கள், எடுத்த வாள், திறந்த கதவு எல்லாம் அங்கே. ஓரத்தில் சிஆர்2032 பட்டன் செல், சால்டர் செய்யப்பட்டிருக்கும். கணினி மதர்போர்டில் பார்க்கிறோமே, அதே செல்தான்.

சரி, எஸ்ரேம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளியில் படித்த நாட் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: 0 கொடுத்தால் 1 தரும், 1 கொடுத்தால் 0 தரும். அப்படி இரண்டை எடுத்து, முதலாவதன் வெளியீட்டை இரண்டாவதற்கும், இரண்டாவதன் வெளியீட்டை முதலாவதற்கும் கொடுங்கள். முதல் கேட் 1 என்கிறது. அதைக் கேட்ட இரண்டாவது 0 என்கிறது. அந்த 0 திரும்பி வந்து முதலாவதை மறுபடியும் 1 சொல்ல வைக்கிறது. ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தபடி அப்படியே நிற்கும். ஒரு பிட்டுக்கு இப்படி ஒரு ஜோடி. அந்தச் சின்ன சிப்பில் 65,536 ஜோடிகள்!

இப்படிச் சும்மா நிற்பதற்குக் கிட்டத்தட்ட மின்சாரமே வேண்டாம். கசிவதை ஈடுகட்டினால் போதும். கணினியில் இருக்கும் டிரேம் என்ற நினைவகம் அப்படியல்ல. அதில் மின்னூட்டம் வடிந்துகொண்டே இருப்பதால் நொடிக்குப் பலமுறை நிரப்ப வேண்டும். எஸ்ரேம் 1 மைக்ரோஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்தால் 2,20,000 மணி நேரம், அதாவது 25 வருஷம். கன்சோலில் மாட்டி ஆடும்போது 5 வோல்ட் அங்கிருந்து வருவதால் செல் ஓய்வெடுக்கும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று இந்த மாற்றத்தைப் பார்த்துக்கொள்கிறது.

கையேட்டில் ஓர் அறிவுரை உண்டு: ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே பவரை அணைக்க வேண்டும். பலர் இதைச் சடங்கு என்று நினைத்தார்கள். காரணம் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் 5 வோல்ட் சட்டென்று பூஜ்யமாகாது. சற்று வழிந்து இறங்கும். அந்தக் கணத்தில் சிபியு தடுமாறி, எதையோ கட்டளை என்று எடுத்துக்கொண்டு, எஸ்ரேமில் கண்டதை எழுதிவிடலாம். ரீசெட்டில் பிடித்துவைத்தால் அது எழுதவே செய்யாது.

கேசட்டை ஊதினால் வேலை செய்யும் என்பதுதான் உண்மையான மூடநம்பிக்கை. நானும் மூச்சு முட்ட ஊதியிருக்கிறேன். வேலை செய்தது கழற்றி மறுபடி மாட்டியதால். ஊதியது உலோகப் பற்களில் எச்சில் ஈரத்தைத்தான் சேர்த்தது. ஈரம் பட்டால் அவை அரிக்கும். தயவுசெய்து ஊதாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. ஓலைச்சுவடிக்கும் படச்சுருளுக்கும் காப்பகங்கள் பணம் ஒதுக்குகின்றன. கேசட்டில் சேவ் ஆகிக் கிடக்கும் ஆட்டத்தையும் யாரோ ஒருவர் கைப்பட எழுதியதாகத்தான் நான் பார்க்கிறேன். அதற்கும் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: மின்னழுத்தம் சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த ஜோடிகள் பிடியை விட்டுவிடும். செல்லை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதைக் கழற்றிய உடனே எஸ்ரேம் காலியாகிவிடும். அதற்கு முன்பு, கேசட்டைப் படிக்கும் கருவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அந்த 8 கிலோபைட்டைக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் புது செல்லை வைத்து, அந்தப் பையன் பெயரைத் திரும்ப எழுதிவிடலாம்.