வேட்கையின் வேகமும் திசையும்

முன்பின் தெரியாதவர்களைக் கூட்டத்தில் உரசுவது, ஒளிந்திருந்து பிறர் உடை மாற்றுவதைப் பார்ப்பது, குழந்தைகள் மீது பாலியல் ஈர்ப்பு கொள்வது. இவற்றைப் பேச்செடுத்தாலே அருவருப்பு முந்திக்கொள்கிறது. அது நியாயமானதுதான். ஆனால் இப்படி ஓர் உந்துதல் உள்ளவர், யாரையும் தொடும் முன்பே மருத்துவரைத் தேடி வந்தால் அவருக்கு என்ன செய்ய முடியும் என்பது, பாதிக்கப்படக்கூடியவர்களுக்காகவே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வழக்கத்துக்கு மாறான ஈர்ப்பெல்லாம் நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு இதைத் தெளிவாகப் பிரித்தது. தீவிரமான உந்துதல் குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். அதனால் அவரே கடுமையாக அவதிப்பட வேண்டும், அல்லது சம்மதமில்லாத ஒருவரிடம் அவர் அதைச் செயலில் காட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அது பாராஃபிலிக் கோளாறு.

மருந்துகளில் பெரும்பாலும் முதலில் வருவது, மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்செட்டின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள். திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களை இவை தளர்த்துகின்றன. பாலியல் நாட்டம் குறைவது மற்ற நோயாளிகளுக்குத் தொல்லை தரும் பக்கவிளைவு. இங்கே அதுவே பயன்படுகிறது.

ஆபத்து அதிகமிருந்தால் ஹார்மோனில் கைவைக்க வேண்டியிருக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ், விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி விரைகளைத் தூண்ட, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். டிரிப்டோரெலின், லியூப்ரோலைடு ஊசிகள் அதே தூண்டுதலை இடைவெளியின்றித் தருகின்றன. ஓயாமல் தட்டினால் கதவு திறக்குமென்றுதான் தோன்றும். பிட்யூட்டரியோ மரத்துப்போகிறது, டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது. முதல் சில வாரங்களில் மட்டும் ஹார்மோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும். ஆபத்தான அந்த நாள்களைக் கடக்க, சைப்ரோட்டிரோன் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். எலும்பு தேயக்கூடும், மனச்சோர்வு வரலாம் என்பதால் தொடர் பரிசோதனை இல்லாமல் இந்த ஊசியைத் தரக்கூடாது.

இவ்வளவு வலுவான மருந்தும் வேட்கையின் வேகத்தைத்தான் குறைக்கும். திசையை மாற்றாது. குழந்தைகள் மீதிருந்த ஈர்ப்பு பெரியவர்கள் பக்கம் திரும்பிவிடாது. "அந்தக் குழந்தைக்கும் விருப்பம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்யை எந்த ஊசியும் கரைக்காது.

அங்கேதான் உளவியல் சிகிச்சை தேவைப்படுகிறது. தன் உறுப்பைப் பிறருக்குக் காட்டும் பழக்கமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். "திடீரென்று நடந்துவிட்டது" என்பார். சிகிச்சையாளர் அந்த நாளை அவரோடு பின்னோக்கி நடத்திப் பார்ப்பார்: வேலையிடத்தில் அவமானம், மாலையில் குடி, வீட்டுக்கு நேராகப் போகாமல் சுற்றுவழி. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. குடியிலோ சுற்றுவழியிலோ எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று கண்டுபிடித்து, அதற்கு மாற்று வழியைப் பழகுவதுதான் இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி. தனிமையைக் குறைப்பதும், சம்மதமுள்ள உறவைக் கட்டக் கற்பதும் இதில் அடங்கும்.

எண்ணங்கள் நாள் முழுக்க மனத்தை ஆக்கிரமித்திருக்கும்போது இந்தப் பாடம் எதுவும் ஏறாது. மருந்து கொஞ்சம் அமைதி தருகிறது. பாடம் அந்த அமைதியில் நடக்கிறது. 1998-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வொன்றில் 30 ஆண்களுக்கு மாதந்தோறும் டிரிப்டோரெலின் ஊசியும், கூடவே ஆதரவு உளவியல் சிகிச்சையும் தந்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக 48 முறை எழுந்த பிறழ்வான எண்ணங்களும் ஆசைகளும் அறவே நின்றன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழு அதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உளவியல் சிகிச்சை மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது: கலிஃபோர்னியாவில் பாலியல் குற்றவாளிகளிடம் நடந்த நீண்ட ஆய்வின் 2005 முடிவுகளில், சிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்திருந்தார்கள்.

ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் மெல்ல மீளும். உந்துதலும் கூடவே வரும். அதனால் கடுமையான நிலையில் இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகள் மருந்து தொடர்கிறது. குறைக்கும் காலம் வரும்போது, உளவியல் சந்திப்புகளை அடிக்கடி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சுற்றுவழி மறுபடி கண்ணில் படும் நாள்கள் அவை.