தேங்க்ஸ் சொல்லிட்டு வாடா

பெரம்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, புது ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்றை அட்டைப்பெட்டியோடு என் மேசைமேல் வைத்தார். "கோச் வாங்கிக் கொடுத்தது மேடம். நான்தான் தேங்க்ஸ் சொல்லிட்டு வாடான்னு அனுப்பினேன். இவன் ஒரு தடவைகூட இதைப் போடலை." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

பையனுக்கு 12 வயது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த கோச் மழைநாளில் பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஃபீஸ் தள்ளிப்போனால் கேட்டதில்லை. தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி துணைக்கு இருந்தார். வீடே அவரைத் தம்பி என்று கொண்டாடியது. அப்புறம்தான் "உனக்கு மட்டும் தனி பிராக்டிஸ்", அதற்கும் அப்புறம் "இது நமக்குள்ளயே இருக்கட்டும்". அம்மா தலையில் வைத்துக் கொண்டாடும் ஆளைப் பற்றிப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

பாலியல் நோக்கத்தோடு குழந்தையை நெருங்க நினைப்பவர் முதலில் பெற்றோரைத்தான் கைக்குள் போட்டுக்கொள்கிறார். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் ஆண்பிள்ளைகள். "பையன்தானே" என்று விடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மட்டும் வரும் வயிற்றுவலி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, குளிக்க வைக்கும்போது உடம்பு விறைப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் அவை பெரும்பாலும் காரியம் நடந்த பிறகு தெரிபவை. முன்கூட்டியே கண்ணில் படுவது அந்தப் பெரியவரின் நடத்தை: காரணமில்லாத பரிசு, தனிமைக்குத் தேடும் சாக்கு, உங்களைப் பற்றிக் குழந்தையிடம் குறை சொல்வது. எல்லாவற்றுக்கும் மேல், ரகசியம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லலாம் என்று நாலு வயதிலேயே பழக்குங்கள்.

போனிலும் இதே கதைதான். கேமில் இலவசமாக டைமண்ட் தரும் "அண்ணா", பிறகு தனி சாட், பிறகு ஒரு போட்டோ, பிறகு மிரட்டல். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. போனைப் பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். இணையக் குற்றத்துக்கு 1930, எந்த ஆபத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098.

பிள்ளை சொல்லும்போது குறுக்கே கேள்வி வேண்டாம். "ஏன் அப்பவே சொல்லலை" என்பதை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை" போதும்.

ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயந்தார் அந்த அம்மா. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு புகார் கொடுப்பது என் கடமை. குழந்தையின் பெயர் ஊடகத்தில் வரக்கூடாது. வாக்குமூலம் வீட்டிலேயே வாங்கலாம் என்று விளக்கினேன். சுடிதாரில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். பையன் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, ஷூவிலிருந்து ஆரம்பித்தான்.